ஒரு பக்கம் தூக்கிய லாரி

அந்த லாரி ஷெட்டில் வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர், அண்ணனும் தம்பியும். எல்லோருக்கும் அவர்கள் பெரியவன், சின்னவன். சின்னவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அவன் சின்னவன்தான். அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை; அது பெரியவன் எறிந்த ஸ்பானரோடு போனது. இடது கட்டைவிரல் மடங்காது. அது சம்மட்டியின் உபயம். வண்டி விட வரும் டிரைவர்கள், "உன் மேல இருக்கிற ரிப்பேரை எல்லாம் எப்பப்பா பாக்கப்போற?" என்று கேலி செய்வார்கள். அவனும் சிரித்து வைப்பான். வேறென்ன செய்வது?

அப்பா செத்தபோது அவன் அரை டிராயர் போட்ட பையன். வளர்த்து ஆளாக்கியவன் பெரியவன்தான். சோற்றையும் அடியையும் ஒரே கையால் போட்டான். கல்யாணமாகி வந்த அண்ணிக்கும் அதே கைதான். சின்னவன் அதே வீட்டின் பின்னறையில் படுப்பவன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்வான். கொஞ்ச நேரம் கதவைப் பார்ப்பான். பிறகு படுத்துக்கொள்வான். கோழை என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன், அவனே வரமாட்டான்.

ஷெட்டில் வேலை பிரித்துக்கொண்டது இப்படி: எஞ்சின் பெரியவனுக்கு, பின் ஆக்சில் சின்னவனுக்கு. ஆக்சிலின் நடுவில் குண்டாக ஒரு கூடு இருக்குமே, அதுதான் டிபரன்ஷியல். வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரம் வேகமாகவும் மறு பக்கம் மெதுவாகவும் சுற்ற வேண்டும். அதற்கு வழிவிடுபவை கூட்டுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். அவை கெட்டுப்போனால் எப்படிக் கத்தும் என்பது சின்னவனுக்கு அத்துப்படி.

அன்று காலை வந்த லாரி நேர்சாலையில் சாதுவாக ஓடியது. வளைவில் மட்டும் கடகடவென்று அடித்தது, டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு இழுத்தது. வண்டி உள்ளே வரும் முன்பே, டிரைவர் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில், பெரியவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: இடது சக்கர பேரிங் போச்சு. வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும், அதனால்தான் சத்தம் என்றான். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

சின்னவன் லாரியை எடுத்து வாசலில் இரண்டு வட்டம் அடித்துப் பார்த்தான். இடது பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டுக் கையால் சுற்றினான். சக்கரம் அசையவில்லை. பேரிங் பிடித்துக்கொண்டது, நான் அப்போதே சொல்லவில்லையா என்று பெரியவன் தொடையைத் தட்டினான். சின்னவன் தலையாட்டியிருந்தால் அன்றைய பொழுது ஒழுங்காகப் போயிருக்கும். அவனோ, பேரிங் இல்லை, டிபரன்ஷியலின் சின்னச் சக்கரங்கள் இறுகிவிட்டன, இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்றான். வலது பக்கத்தையும் தூக்கி ஒரு சக்கரத்தைச் சுற்றினால், இன்னொன்று அதே பக்கமாகச் சுற்றும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்றான். டிரைவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதுதான் வினை.

டயர் கழற்றும் லீவர் விலாவில் இறங்கியது. சின்னவன் மடங்கியதும் பெரியவன் பிடரியைப் பிடித்து முகத்தை மட்கார்டில் மோதினான், ஒருமுறை அல்ல. டிரைவர், "விடுங்கண்ணே" என்று சொன்னபடியே இரண்டடி பின்னால் போனான். மட்கார்டில் ரத்தம் வழிந்தது.

இரண்டாவது ஜாக்கி எல்லாம் தேவையில்லை, கியரில் ஓடவிட்டால் பேரிங் தானாகக் கத்தும் என்றான் பெரியவன். ஷெட்டுக்காரர்கள் செய்வதுதான். டிபரன்ஷியல் சரியாக இருந்தால், தூக்கிய சக்கரம் அந்தரத்தில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா இருக்கும், வண்டி நகராது. பூட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாயும்.

பெரியவன் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்துக் கீழே நுழைந்தான். நீளக் கம்பியின் ஒரு முனையை ஆக்சிலில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டான். முன்சக்கரத்துக்கு ஒரு கல்கூட முட்டுக்கொடுக்கவில்லை.

"அண்ணே, வண்டி பாஞ்சிடும். வெளிய வா."

"ஏறுடா நாயே. கியரைப் போடு."

சின்னவன் ஏறினான். எஞ்சினைக் கிளப்பினான். கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டான். பக்கக் கண்ணாடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. இடுப்புவரை உள்ளே, கால் மட்டும் வெளியே. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் போதும். நான்கு டன் பாரம் அந்த இடுப்பின் மேல் ஏறும். பழி வராது, வேண்டாம் என்று சொன்னான், டிரைவர் சாட்சி. போன வாரம் அண்ணியின் மணிக்கட்டு வீங்கி, அவள் ஒரு கையால் துணி பிழிந்தது ஞாபகம் வந்தது. வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. அவனுக்குப் பயமே இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அண்ணனை நினைத்துப் பயம் இல்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. கால் மெல்ல மேலே வந்தது. லாரி ஒருமுறை நடுங்கியது.

"கிளட்ச்சை விடுடா" என்றது கீழேயிருந்து குரல்.

சின்னவன் கிளட்ச்சை மறுபடி தரையோடு மிதித்தான். கியரைப் பிடுங்கினான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

அவன் இறங்குவதற்குள் பெரியவன் வெளியே வந்துவிட்டான், கையில் அந்தக் கம்பி. முதல் வீச்சு சின்னவனின் தோளில் விழுந்தது. இரண்டாவது வீச்சு வரவில்லை. சின்னவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குத்தினான். தாடை இடம் மாறிய சத்தம் டிரைவருக்கே கேட்டது. பெரியவன் விழுந்தான். சின்னவன் நிறுத்தவில்லை. மேலே உட்கார்ந்து குத்தினான், போன பல்லுக்கு, மடங்காத கட்டைவிரலுக்கு, அண்ணியின் மணிக்கட்டுக்கு. டிரைவர் அக்குளில் கைகொடுத்து இழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

பெரியவன் எழுந்தான். ரத்தத்தைத் துப்பினான். யாரையும் பார்க்கவில்லை. தானே நிரூபிக்கிறேன் என்பது போலக் கேபினில் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டுக் காலை எடுத்தான்.

லாரி பாய்ந்தது. ஜாக்கி தெறித்துத் தகரச் சுவரைக் கிழித்தது. தூக்கி நின்ற பக்கம் தரையில் இடிந்து விழுந்து அப்படியே முன்னால் உருண்டது. வேலை மேசை சுவரோடு நசுங்கியது. எஞ்சின் அணைந்த பிறகும் ஸ்பானர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

பெரியவன் இறங்கி வந்து சாக்கைப் பார்த்தான். சாக்கின் குறுக்கே டயர் ஏறிய தடம் இருந்தது. அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, தடுமாறித் தடுமாறிப் பேசினான்.

"கியர் விழுந்த சத்தம் கம்பியில கேட்டுச்சு. அப்புறம் சக்கரப் பல்லு பிடிச்ச சத்தமும் கேட்டுச்சு. நீ காலை எடுத்த."

சின்னவன் பொய் சொல்லியிருக்கலாம். கிளட்ச் வழுக்கியது என்றால் தீர்ந்தது.

"ஆமா. கொன்னுடலாம்னுதான் எடுத்தேன்" என்றான்.

பெரியவன் தலையாட்டினான். தம்பி ஒரு கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டதைப்போல ஆட்டினான். அப்புறம் இன்னொரு ஜாக்கியைக் கொண்டுவரச் சொன்னான்.

அன்றோடு அடி நின்றது, ஷெட்டிலும் வீட்டிலும். தாடை கோணலாகவே சேர்ந்தது. ஜாக்கி நழுவிவிட்டது என்று பெரியவன் எல்லோரிடமும் சொன்னான். அண்ணி அதை நம்பினாளோ இல்லையோ, ராத்திரி நன்றாகத் தூங்கினாள். வயதாகிவிட்டது, பெரியவன் அடங்கிவிட்டான் என்றார்கள் டிரைவர்கள்.

இன்னொன்றும் மாறியது, அது சின்னவனுக்கு மட்டும் தெரியும். அத்தனை வருஷம் அவனைப் போட்டு மிதித்தபோதெல்லாம், அடுத்த நிமிஷமே அவனைக் கேபினில் ஏறச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல் வண்டிக்குக் கீழே படுத்தவன் பெரியவன். இப்போது சின்னவன் கேபினில் இருந்தால், அவன் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே நின்றுகொள்கிறான். போன மாதம் ஒரு வண்டிக்குச் சத்தம் கேட்க வேண்டியிருந்தது. "நீ கீழ படு, நான் மேல ஏறிக்கிறேன்" என்றான் மெதுவாக, கெஞ்சுகிற குரலில். சின்னவன் படுத்துக்கொண்டான். கியர் விழுந்த சத்தம் கம்பியில் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.