முதலாமிடமும் மூன்று மரண அறிவித்தல்களும்

காரில் மகள் ஒரு பாட்டைப் போட்டாள். எனக்கு மீசை முளைக்கும் முன்பே உலகம் ஆடி ஓய்ந்த ஒரு டிஸ்கோக் குழுவின் பாட்டு.

"அப்பா, இட்ஸ் பாக் இன் த டொப் டென்!"

"நாங்களும் ஒருகாலம் முதலாமிடத்திலை இருந்தனாங்கள்."

"யூ? டூயிங் வட்?"

விளக்கு பச்சையான பிறகும் அவள் சிரித்து முடிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

டிஸ்கோ என்றால் எனக்குச் சலவைத்தூள் மணம்தான். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் லோன்ட்ரி அறையில்தான் எங்கள் டிஸ்கோக் குழு 'மின்னல் நால்வர்' ஒத்திகை பார்த்தது. உண்மையில் மூவர். நான்காமவன் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள் ஒத்திகை முடிந்துவிடும். கீபோர்ட் எனக்கு. தாளத்துக்குத் துணி காயவைக்கும் ட்ரையர் இருந்தது. அது எங்களைவிட ஒழுங்காகச் சுழன்றது. உலகம் டிஸ்கோவைப் புதைத்துப் பல வருடம் கழித்து அதைத் தோண்டியெடுத்த பெருமை எங்களுக்கே சேரும்.

அந்நாளில் எங்கள் தமிழ் வானொலியில் சனிக்கிழமைதோறும் பகலில் உள்ளூர்ப் பாடல்களுக்கு வரிசை நடக்கும். நேயர்கள் தொலைபேசியில் வாக்களிக்க வேண்டும். நாங்கள் எல்லா ட்ரையர்களையும் பிடித்துவைத்துக்கொண்டு, வாக்களிப்பதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தோம். ஈரச் சேலையோடு நின்ற அன்ரிமார் எங்களை முதலாமிடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். கலை வளர்ந்த விதம் அப்படி.

பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா, சனிக்கிழமை மாலை ஓவர்டைமுக்கு என் பெயரையும் கொடுக்க முடிவுசெய்திருந்தார். கொடுத்தால் ஒத்திகை போச்சு. கெஞ்சினேன்.

"மூண்டு சனி தாறன். உன்ரை பாட்டு முதலாமிடத்திலை போறதை இந்தக் காதாலை கேட்டால் விடுறன். இல்லாட்டிப் பெட்டி அடுக்க வா."

முதல் சனி. "முதலாமிடம், மின்னல் நால்வர்..." என்ற அறிவிப்பாளர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். ரெக்ஸ்டேலில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். மரண அறிவித்தலுக்குப் பிறகு ஆட்டப்பாட்டுப் போடுவது எங்கள் சனத்திடம் ஆகாத காரியம். மிச்ச நேரம் முழுக்க வயலின் அழுதது.

"பேர் சொன்னவை. பாட்டெங்கை?" என்றார் அப்பா.

இரண்டாம் சனியும் அப்படியே. மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் அம்மா.

அதன்பின் ரொறன்ரோ முதியோரின் ஆரோக்கியத்தில் என்னளவு அக்கறை கொண்டவர் எவருமில்லை. லிஃப்டில் காண்பவர்களை எல்லாம் விசாரித்தேன்.

"அங்கிள், பிரஷர்க் குளிசை போட்டனீங்களோ?"

"ஏன் தம்பி, நான் போகப்போறன் எண்டு ஆரும் சொன்னவையோ?"

கேட்டவர் மேல்மாடி அருளம்பலம் அங்கிள். மூன்றாம் சனி காலை அவரே போய்விட்டார்.

அறிவித்தல் எழுதுவதில் அப்பா கெட்டிக்காரர். அங்கிளின் மகன் அழுதபடி வந்து, வானொலிக்கு அறிவிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். அப்பா ஒரு கையில் உறவினர் பெயர்கள் நிறைந்த தாளும் மறு கையில் தொலைபேசியுமாக இருந்தார். வானொலியில் நான்காமிடம் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகள் என் கண்ணுக்குள் அடுக்கடுக்காக உயர்ந்தன.

"எடுங்கோவன், சனத்துக்குத் தெரியவேணுமெல்லே" என்றார் அம்மா.

"பொறு. பெறாமக்களின்ரை பேர் சரியோ எண்டு பாக்கிறன்."

மூன்றாமிடம். அப்பா மருமக்களைச் சரிபார்த்தார். இரண்டாமிடம். பூட்டப்பிள்ளைகளுக்கு வந்தார். முதலாமிடம் ஒலித்தபோது அவர் தாளிலிருந்து தலை நிமிரவேயில்லை. நான்கு நிமிடம், ட்ரையர் சத்தத்தோடு முழுப்பாட்டும் போனது. முடிந்ததும் வானொலியின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பாட்டோ உது? மெஷினுக்கை செருப்பு விழுந்தமாதிரிக் கிடக்கு. சனிக்கிழமை நீ வரவேண்டாம்."

பிறகு மின்னல் நால்வர் ஆளுக்கொரு வீடு வாங்கினோம். வீட்டுக்கு வீடு ட்ரையர் வந்தது, குழு கலைந்தது. வாக்கு வரிசையும் நின்றுபோனது.

போன வருடம் அப்பாவின் மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். இப்போது அதற்கு இணையத்தளம் இருக்கிறது. யாரையும் அழைக்கத் தேவையில்லை. பொத்தானை அழுத்தியதும் அப்பாவின் படம் வந்துவிட்டது. ஊரில் ஒரு பாட்டும் நிற்கவில்லை.