நிக்காத சார்

எக்ஸ்ரே எடுப்பவருக்கு வேலை நேரத்தில் மூன்று வாக்கியங்கள் போதும். மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க. வருஷக்கணக்காக இதையே சொல்லிச் சொல்லி, கடைத்தெருவில் அவரைக் கண்டால் ஊரில் பாதிப் பேர் தம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மீன்கடையில் அது உபகாரமாகவும் இருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்த மூன்றுக்கு மேல் நாலாவது வாக்கியம் பேச அவருக்கு ஆள் இல்லை என்பது மட்டும் சத்தியம்.

மாடியில் இரண்டு அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு கட்டில். இரண்டாவது கட்டில் அம்மா இருந்தபோது அம்மாவுடையது. இப்போது அதன்மேல் அவருடைய மலைச் சைக்கிள் சாய்ந்திருக்கும், பட்டை பட்டையாய்ச் சக்கரமும் சேறு காய்ந்த பெடலுமாக. சைக்கிளுக்கு ஒரு போர்வைகூட உண்டு.

மலைப்பாதை முழுக்கக் கல். சாதாரணப் பெடலில் கால் துள்ளித் துள்ளி விலக, முழங்காலுக்குக் கீழே பெடல் பல்லைப் பதித்தது. சைக்கிள் கடைக்காரர் ஷூவோடு மாட்டிக்கொள்ளும் பெடலைப் பூட்டிவிட்டார். கிளிப்லெஸ் பெடல் என்று அதற்குப் பெயர். கிளிப்பே இல்லாதது என்று அர்த்தமாம், பிடித்தாலோ உடும்புப்பிடி. ஷூவின் அடியில் இரண்டு திருகாணியில் ஓர் இரும்புத் துண்டு இருக்கும். மிதித்தால் டக்கென்று பெடலில் மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். "நிக்கறதுக்கு முன்னாடியே திருப்பிடணும் சார். நின்னப்புறம் ஞாபகம் வந்தா பிரயோஜனமில்ல" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்.

இவருக்கு நின்றபிறகுதான் ஞாபகம் வந்தது. முதல் சிக்னலிலேயே, ஒரு பஸ் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, சைக்கிளும் ஆளுமாய் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். மெதுவாக, மிக மெதுவாக. விழுந்து முடிப்பதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிக் காட்டிவிட்டார்கள். முழங்கையை அவரே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டார். வழக்கப்படி "மூச்சைப் பிடிங்க" என்று தனக்குத்தானே சொல்லி, பிடித்தும் கொண்டார்.

அன்றிலிருந்து பிடிமானம் இல்லாத இடத்தில் அவர் நிற்பதில்லை. வீட்டு வாசலில் காம்பவுண்டுச் சுவர். ஆஸ்பத்திரியில் ஒரு விளக்குக் கம்பம். மலையுச்சியில் ஒரு மரம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை விடுவிப்பார்.

மலையடிவாரத்தில் ஒரு பேக்கரி. ஞாயிறு காலை மலையேறி இறங்குகிற சைக்கிள் கூட்டம் அதன் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து காபி குடிக்கும். அங்கே சுவரில்லை, கம்பமில்லை, இருப்பதெல்லாம் கண்ணாடி. எனவே நம்மவர் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார். போகிற ஒவ்வொரு தடவையும் அந்த மேஜையில் காலி நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். இருக்கும்.

நிற்காமல் போகிறவனைப் பற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? 'நிக்காத சார்' என்று பெயர் வைத்தார்கள். அவர் பிறந்ததே ஓடுகிற ரயிலில் என்றார் ஒருவர். ஏதோ பெரிய போட்டிக்குப் பயிற்சியாம், ஒரு நொடி வீணானாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாராம் என்றார் ரிட்டையரான டிரில் மாஸ்டர். அவர் நிழலே அவரை எட்ட முடியாமல் பேக்கரி வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்ததாக, குழாய் வேலை செய்கிற குழாய்க்காரம்மா சொன்னாள்.

ஞாயிறு தவறாமல் வெளியூர் அக்கா போன் செய்வாள். தனியாகவா மலைக்குப் போகிறாய் என்று கேட்பாள். ஒரு கூட்டமே கூட வருகிறது என்று இவர் டிரில் மாஸ்டரையும் குழாய்க்காரம்மாவையும் கூடப் பிறந்தவர்கள்போல வர்ணிப்பார். அக்கா அவரைத் தூக்கி வளர்த்தவள்.

"கூட்டத்தோட போறவன் குரல்ல ஏண்டா இவ்வளவு தூசி படிஞ்சிருக்கு?" என்றாள் ஒரு ஞாயிறு. "வர்ற வாரம் நானே காலையில பண்றேன். போனை அவங்ககிட்ட குடு. ரெண்டு வார்த்தை பேசணும்."

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க மாடி வராந்தாவில் பயிற்சி. சுவரில் தோளைச் சாய்த்து, சைக்கிள்மேல் உட்கார்ந்து, மாட்டு, திருப்பு, விடு. மாட்டு, திருப்பு, விடு. கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்துவிட்டு, மாடிக்காரர் குதிரை வாங்கியிருக்கிறார் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். சனிக்கிழமை வாக்கில் இடது கால் தானாகவே திரும்பக் கற்றுக்கொண்டது. திருப்பிய திருப்பில் ஷூவடியில் ஒரு திருகாணி மெல்ல மெல்லக் கழன்றுகொண்டு வந்ததை யார் பார்த்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை. பேக்கரி தெரிந்தது. காலி நாற்காலி தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். மேஜையில் பேச்சு நின்றது. கடைக்காரர் சொன்னது சொன்னபடி, நிற்பதற்கு முன்பே குதிகாலைத் திருப்பினார். ஷூ திரும்பியது. பெடல் விடவில்லை. இன்னும் திருப்பினார். கால் முட்டி வேறு திசையைப் பார்த்தது, பெடல் அசையவில்லை. சைக்கிள் நின்றது. பிறகு நடந்தது முன்பு நடந்ததேதான், மெதுவாக, மிக மெதுவாக.

குழாய்க்காரம்மாதான் முதலில் ஓடிவந்தாள். ஷூப் பட்டியை அவிழ்த்து, "காலை உருவுங்க சார்" என்றாள். உருவினார். ஷூ பெடலிலேயே தொங்கியது. சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் உலகத்தை எட்டிப் பார்த்தது. கைத்தாங்கலாய்க் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். எந்த நாற்காலியில்? அதே நாற்காலியில். ஒரு காபி சொன்னார்கள்.

அவள் ஷூவைப் பெடலிலிருந்து நெம்பி எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். "ஒரு திருகாணி காணோம். ஒத்தத் திருகாணியில இரும்பு சும்மா சுத்துது, எப்படி விடும்? யாரா இருந்தாலும் விழ வேண்டியதுதான்."

டிரில் மாஸ்டருக்கு உயிர் வந்தது. "அதானே பார்த்தேன். நிக்காத சாராவது, நிக்கறதாவது. ஷூ லூசாயிடுச்சுன்னு தெரிஞ்சு ஓரங்கட்டியிருக்கார். அப்படித்தானே சார்?"

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அத்தனை மரியாதையோடு யாரும் அவரைப் பார்த்ததில்லை. இல்லைங்க, எனக்கு நிக்கத் தெரியாது, உங்களோட உட்காரத்தான் நின்னேன் என்ற நாலாவது வாக்கியம் தொண்டைவரை வந்தது. மூச்சை இழுத்தார். பிடித்தார். விடவில்லை.

"ஆமாங்க" என்றார்.

குழாய்க்காரம்மாவின் கைவேகம் ஊரறிந்தது. பையிலிருந்து உபரித் திருகாணி ஒன்றை எடுத்து, முறுக்கி, ஷூவை அவர் காலிலேயே மாட்டிவிட்டாள். காபி இன்னும் வரவில்லை. "போங்க சார், எங்களால உங்க பிராக்டிஸ் கெட வேணாம்" என்று டிரில் மாஸ்டர் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தார். இருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நிக்காத சாரிடம் அப்படிச் சொல்வார்களா? முதுகில் நாலைந்து கைகள் பட்டன. தள்ளிவிட்டார்கள். யாரோ கைதட்டவும் செய்தார்கள். அந்தக் கைகளின் சூடு முதல் வளைவுவரை முதுகில் இருந்தது.

மலையுச்சியில் மரத்துக்குப் போகவில்லை. வெட்டவெளியில் பிரேக் பிடித்தார், குதிகாலைத் திருப்பினார். டக். கால் தரையில் ஊன்றியது, பூ உதிர்ந்த மாதிரி. பார்க்க ஒரு காக்காய்கூட இல்லை. அப்போது போன் அடித்தது.

"எங்கடா இருக்கே? சத்தத்தையே காணோம். அவங்கள்ல யார்கிட்டயாவது குடு."

"எல்லாரும் கீழ இருக்காங்கக்கா." அது உண்மைதான்.

"நீ?"

"மேல."

"காபியாவது குடிச்சியா?" என்றாள்.

"சொல்லியிருக்காங்க."

போனை வைத்துவிட்டு உடனே இறங்கினார். கல்லிலும் சரளையிலும் கால் பெடலை விட்டு அசையவில்லை. பேக்கரி வாசலில் நின்றார். சுவரில்லாமல், கம்பமில்லாமல், சுத்தமாக நின்றார். மேஜையில் யாரும் இல்லை. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அதன் எதிரே ஒரு கோப்பை, சாஸரால் மூடியபடி.

உட்கார்ந்து சாஸரை எடுத்தார். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தார்.