மச்சானின் டில்லரும் என் வாயும்

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, செலண்டார் ஊரில் ஓர் ஆன்ட்டி வீட்டுக் கொல்லையில் நடந்தது இது.

என் அக்கா வீட்டுக்காரருக்கு குருபோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆள் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். மனிதர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டில்லரை வாங்கி வந்தார். கையால் பிடித்து ஓட்டும் மண் உழும் மிஷின். ஒரு மாதம் தட்டிக்கொட்டி அதற்கு உயிர் கொடுத்தார். இனி வீடு வீடாகப் போய்த் தோட்டம் உழப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். ஆன்ட்டிதான் முதல் வாடிக்கை. நான் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றும் பால் டீ, கலக்குபவன், அன்று லீவு. மிஷினைத் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போனார். அதுதான் அவர் செய்த தப்பு.

மிஷின் நன்றாகத்தான் கிளம்பியது. பத்து நிமிஷம் உழுதது. பிறகு இருமியது, நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து மச்சானுக்குத் தோள்பட்டை கழன்றது. கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் கிளம்பும். மறுபடி பத்து நிமிஷத்தில் சாகும். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? மரவள்ளிக் குச்சிக் கட்டின்மேல் உட்கார்ந்து வர்ணனை ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி, போன மாசம் மச்சான் எங்க வீட்டு ஃபேன ரிப்பேர் பண்ணாரு. இப்ப அது காத்து தராது, தலைய மட்டும் ஆட்டுது."

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். மச்சான் நிமிரவே இல்லை. நான்காவது தடவை நின்றபோது ஆன்ட்டிக்கும் சிரிப்பு போய்விட்டது. மச்சானிடம் வந்தார்.

"மழ வருதுலா தம்பி. குச்சி இன்னிக்கே ஊனியாகணும். பக்கத்து ஊரு மலாய்க்காரப் பெரியவரு, அந்த பாக்சிக் கிட்ட டிராக்டர் இருக்கு, கூப்புட்டுறவா?"

"ஒரே ஒரு தடவ பாக்குறேன் ஆன்ட்டி" என்றார் மச்சான். மறுபடி கயிற்றைப் பிடித்தார்.

எனக்கே கொஞ்சம் உறுத்தியது. பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று டாங்கி மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று உள்ளே போனது. மச்சான் கயிற்றை இழுத்ததும் மிஷின் கிளம்பியது!

கடையில் பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் இறங்காது. காற்று போக இன்னொன்று குத்த வேண்டும். அப்படியானால் பெட்ரோல் இறங்க இந்த மூடியிலும் ஒன்று இருக்க வேண்டுமே? இருந்தது. அதன்மேல் ஐம்பது காசு அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து சிமெண்டாகிக் கிடந்தது. பூஜையன்று, "மச்சான் மிஷினுக்கு மேக்கப் பத்தல" என்று அதை அப்பியவன் நான்தான்.

மச்சான் மிஷினைத் திருப்புவதற்குள், யாரும் பார்க்காமல் ஆணியால் சுரண்டி, ஓட்டையைக் குத்தி, மூடியைத் திரும்பப் போட்டேன். அரை மணி நேரம் ஆகியும் மிஷின் நிற்கவில்லை.

மச்சான் வரிசை முடித்து மிஷினை நிறுத்திய நேரம் பார்த்து ஆன்ட்டி என் முதுகில் தட்டினார். "நீ கை வச்சதும் ஓடுது பாத்தியா! அடுத்த தடவ நீயே வா தம்பி. இவர ஏன் சிரமப்படுத்துறது?"

மச்சானுக்கு நன்றாகவே கேட்டது. அழுக்குப் போன பிறகும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேசாமல் இருந்திருந்தால் நான்தான் அன்றைக்கு மெக்கானிக். முடியவில்லை.

"ஆன்ட்டி, கெடுத்ததே நான்தான். சந்தனத்த அப்பி ஓட்டைய அடச்சிட்டேன். மச்சான் ரிப்பேர்ல ஒரு குத்தமும் இல்ல. ஃபேன் கதையும் பொய்."

"அடப்பாவி! அப்ப நீ வராம இருந்திருந்தா எப்பவோ உழுது முடிச்சிருப்பாரு!" என்ற ஆன்ட்டி, மச்சானிடம் திரும்பினார். "என் தங்கச்சி வீட்டுலயும் கொல்ல கெடக்கு. வந்து பாருங்க. இந்த வாலுப் பயல மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

மச்சான் என்னைத் திட்டுவார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். திட்டவில்லை. வீடு நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாது போலன்னு நானே நெனச்சிட்டேன்டா."

கிண்டலை நான் இன்னும் விடவில்லை, அது என் ரத்தத்தில் ஊறியது. ஆனால் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது நான் சிரிப்புக்குச் சொல்வதை அவர் நம்பிவிடவும் கூடும் என்ற பயம், அன்று வந்தது, இன்றுவரை போகவில்லை.