படியில் நின்று குறை சொன்ன முதலாளி

தி.நகரில் என் ஜவுளிக்கடை மூன்று மாடி. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும், முதலாளி படியேறித்தான் போகவேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். போன வருடம் முதல் திருப்பத்திலேயே மூச்சு முட்டத் தொடங்கியது. சும்மா நின்றால் வயதாகிவிட்டது என்பார்களே! அதனால் நின்ற இடத்திலெல்லாம் குறை கண்டுபிடித்தேன். பொம்மைக்குக் கட்டிய புடவையில் கொசுவம் சரியில்லை, அலமாரியில் மடிப்பு சரியில்லை. மூச்சு வாங்கும்போது பேச வராது என்பதால் விரலை நீட்டி முறைப்பதோடு சரி. கடைப் பெண்கள் நடுங்கினார்கள். மகா கண்டிப்பானவர் என்று எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

ஒருநாள் கல்லாவில் தலை சுற்றியது. ஆழ்வார்பேட்டையில் எங்கள் வழக்கமான டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு சுருங்கிவிட்டது என்று ஸ்கேன் சொன்னது. என்ன செய்வதென்று அங்கே ஒரே டாக்டர் முடிவெடுப்பதில்லை. அறுவை சிகிச்சை நிபுணர், இதய மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், வால்வு நோயாளிகளுக்கென்றே இருக்கும் நர்ஸ் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்களாம். வீட்டில் வடபழனி கோயிலுக்குப் போகிறேன் என்று புளுகிவிட்டுத் தனியாகப் போனேன்.

போய், சாயம் போகாது என்று புடவை விற்கிற அதே குரலில், தொந்தரவு ஒன்றுமே இல்லை என்று ஒவ்வொரு டாக்டரிடமும் அடித்துச் சொன்னேன். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்பது என் கணக்கு. தொந்தரவே இல்லையென்றால் சில மாதம் பார்க்கலாம் என்று அவர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள். எனக்கு ஒரே குஷி.

நர்ஸ் பட்டினப்பாக்கத்துப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். கூட்டம் மாடியில், நடந்தே போகலாம் என்றார். லிஃப்ட் இருக்கிறதே என்றேன். தொந்தரவு இல்லை என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்தபடி மெதுவாகக் கூட ஏறினார்.

திருப்பம் வந்தது. நின்றேன். பழக்க தோஷம், சுவரில் கோணலாகத் தொங்கிய ஒரு படத்தை நோக்கி விரல் தானாக நீண்டது.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அது அப்டித்தான் கீது, சார். நீங்க மூச்ச வாங்குங்க, போலாம்."

கூட்டத்தில், இவர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று நர்ஸ் என் முன்னாலேயே சொன்னார். பாதி மாடியில் நின்றதையும் நாடி ஓடிய விதத்தையும் அவர் விவரிக்க, டாக்டர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள். அதன்பின் தள்ளிப்போடும் பேச்சே எழவில்லை. இப்படியே விட்டால் எந்த நேரத்திலும் மயங்கி விழலாம், உயிரும் போகலாம் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். பயந்துவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வெளியே வந்ததும், வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார் நர்ஸ். ஒருத்தருக்கும் தெரியாது, என் சாமர்த்தியம் அப்படி என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் இப்போதே பேச வேண்டும் என்று சொல்லி, என்னை உட்காரவைத்து போனை எடுக்கச் சொன்னார்.

மனைவிக்கு அடித்தேன். கோயிலில் இல்லை என்பதில் ஆரம்பித்து, சுற்றி வளைத்து, பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்ன வால்வு என்றேன்.

"தெரியும். தெனமும் நீங்க தூங்குனப்புறம் மூச்சு விடுதியளான்னு பாத்துட்டுத்தான நான் கண்ணசருதேன்," என்றாள்.

போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன்.