மருந்து முடிச்சும் பித்தளைத் தூக்கும்

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாராவது ஒருத்தி என் வாசலில் வந்து நிற்பாள். வில்லியனூர்த் தேருக்கு வண்டி கட்டுகிறோம், பிள்ளைகளும் வருகிறார்கள், வயிற்றுக்கு ஒரு முடிச்சு கொடு என்பாள். நான் பேச்சில் கெட்டிக்காரி இல்லை. உள்ளே போய் முடிச்சை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டு, எதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுவேன்.

அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நிழலில் உலர்த்திய மாதுளம்பழத் தோல். அதை இடித்து மோரில் கலக்கிக் கொடுத்தால் கழிச்சல் கட்டும். வயிறு முறுக்கினால் ஓமத்தையும் ஒரு துண்டு சுக்கையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். சிவக்க வறுத்த வெந்தயம் கொஞ்சம். குமட்டலுக்கு, உப்பில் போட்டுக் காய்ந்து கறுத்துப்போன நார்த்தங்காய். நாக்கின் மேல் வைத்துக்கொண்டால் போதும். ஆற்று ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானைக்குள் தேய்க்க ஒரு தேற்றாங்கொட்டை. எல்லாம் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிற சரக்குதான். நான் செய்வது அதைச் சேர்த்து ஒரு துணியில் கட்டுவது மட்டுமே.

வாங்கிப் போகிறவர்கள் எனக்குப் புண்ணியம் என்கிறார்கள். நான் இந்த முடிச்சை முதன்முதலில் கட்டியது புண்ணியத்துக்கு இல்லை. அது முதலில் உதவியது ஒருத்தியைப் பழிவாங்க. அந்த ஒருத்தி என் வீட்டுக்காரரின் அக்காள். நான் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டும். இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

காட்டேரிக்குப்பத்திலிருந்து பாகூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அண்ணியைக் கிருமாம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் அங்கே இருந்ததைவிடத் தாய்வீட்டில் இருந்ததுதான் அதிகம். வரும்போதெல்லாம் தன் கல்யாணச் சீரில் வந்த ஒரு பெரிய பித்தளைத் தூக்கையும் கொண்டுவருவாள். மூடியிலும் பிடியிலும் கொடி வேலைப்பாடு. விளிம்பில் அவள் பேர் வெட்டியிருக்கும். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால் ஊரே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடும். அண்ணி மட்டும் கொடுக்கமாட்டாள். நெருப்பில் வைத்தால் பேர் வெட்டின இடம் கறுத்துவிடுமாம். பிரயாணம் என்றால் புளிச்சோறு அந்தத் தூக்கில்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் என் சீர் உங்களுக்கு இளப்பமா என்று அழுவாள்.

கல்யாணமான முதல் வைகாசியில் எங்கள் வண்டியும் தேருக்குப் போனது. கரிக்கலாம்பாக்கம் தாண்டி, ஏம்பலம் தாண்டி, ஆற்றங்கரை மாந்தோப்பில் இறங்கினோம். சுற்றுப்பக்கத்து வண்டிகள் எல்லாம் அங்கேதான் மாட்டை அவிழ்க்கும். அடுப்புக் கூட்டிச் சமைத்து, தேர் நிலைக்கு வரும் வரையில் தோப்பிலேயே தங்குவோம். ஆம்பளைகள் சாப்பிட்டார்கள். மாமியாரும் அண்ணியும் சாப்பிட்டார்கள். புது மருமகள் கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெயில் உச்சிக்கு வந்த பிறகு அண்ணி தூக்கை என் பக்கம் தள்ளினாள்.

"அடியிலதான்டி எண்ணெயும் பருப்பும் நிக்கும். வழிச்சித் தின்னு."

வழித்துத் தின்றேன். வாயில் துருவை நக்கினதுபோல் ஒரு ருசி. புளிதான் அப்படி என்று நினைத்தேன். அந்திக்குள் குடல் வெளியே வந்துவிடும்போல் ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் பனந்தோப்பு கண்ட இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. நான் வெட்கத்தில் பாதி செத்தேன். நிறுத்தும்போதெல்லாம் அண்ணி பின்னால் வருகிற வண்டிக்காரர்களுக்கும் கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"எம்மா, எங்கூட்டு மகாராணி இறங்குறா, வழி வுடுங்க! ஒரு வேளைச் சோறு தாங்காத வயித்த வச்சிகினு இவ எங்க புள்ள தாங்கப் போறா?"

அவள் சொன்ன கடைசி வார்த்தை என் மாமியாரின் காதில் போய்த் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உடம்பு தேறட்டும் என்று என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுவடை முடிந்து பொங்கலும் போன பிறகு என் வீட்டுக்காரர் தானாகவே வந்து கூட்டிப்போனார். அவரும் வாய் திறக்காத மனிதர். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்த வாரத்தில் அந்தத் தூக்கைத் துலக்கப் போட்டார்கள். கிணற்றடி வெயிலில் கவிழ்த்து நிமிர்த்தியபோது பார்த்தேன். மேல்பாதி வெள்ளையாக ஈயத்தோடு இருந்தது. அடியில் ஈயமே இல்லை. வெறும் பித்தளை. அடியும் சுவரும் ஒட்டுகிற ஓரத்தில் பச்சையாகக் களிம்பு, புளி பட்டுப் பித்தளை கக்குகிற விஷம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அதே துரு ருசி. உடனே துப்பினேன்.

என் வாழ்நாளில் நானாக முன்வந்து பேசிய சில பேச்சுகளில் ஒன்று அது. உள்ளே போய், "அத்தை, தூக்குல அடி ஈயம் போயிடுச்சி. களிம்பு இக்குது" என்றேன்.

அண்ணி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "இன்னாடி சொன்ன? எங்கப்பன் போட்ட சீருக்குக் கொற சொல்றியா? எல்லாரும்தான் தின்னோம், எங்களுக்கு இன்னா ஆச்சி? ஓட்ட வயித்த வச்சிகினு பாத்திரத்து மேல பழி போடுறா பாரும்மா!"

மாமியார் மகள் பக்கம். நான் தூக்கைக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தேன். இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வைகாசிக்குள் பேச்சு வேறு மாதிரி போயிருந்தது. வில்லியனூரில் மாமியாரின் ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு பெண். சீக்குக்காரியை வைத்துக்கொண்டு வம்சம் எப்படித் தழைக்கும், தன் தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இரண்டாந்தாரமாக அவளை முடித்துவிடலாம் என்று அண்ணி முடிவு செய்துவிட்டாள். தேர் பார்த்துவிட்டு, அந்தியில் பெண் வீட்டுக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. பூ வைத்துவிட்டால் நிச்சயம் ஆன மாதிரிதான். அப்புறம் எனக்கு அந்த வீட்டில் இடம் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான். என் வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் சொல்லாமல் இருந்தால் சரி என்று அர்த்தம்.

நான் அழவில்லை. அழுதால் அண்ணிக்கு ருசி. மாதுளம்பழத் தோலை உலர்த்தினேன். வெந்தயத்தை வறுத்தேன். எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் தூக்கிலிருந்து ஒரு பருக்கையும் இனி என் வயிற்றைக் கெடுக்கக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். மற்றது தோப்பில்தான் தோன்றியது.

தேரன்று காலையில் தோப்பில் வண்டியடியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஒரு கூடை மல்லிகையைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள்.

"நீதாண்டி நெருக்கமாக் கட்டுவ. பொண்ணு தலையில நெறஞ்சி நிக்கணும்."

பக்கத்து வண்டிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டினேன். நெருக்கமாகவே கட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் அவள் கழுத்து என்று நினைத்து இறுக்கினேன்.

கவர்னர் துரை வந்து வடம் தொட்ட பிறகுதான் அந்தத் தேர் நகரும். அண்ணி அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு நல்ல இடம் அமைய வேண்டுமாம். மற்றவர்கள் காலையிலேயே தூக்கிலிருந்து மேல்சோற்றை எடுத்துச் சாப்பிட்டார்கள். என்னைக் கேட்டபோது எனக்கும் விரதம் என்றேன். விற்க வந்தவளிடம் நுங்கு வாங்கித் தின்றுகொண்டு, மூட்டைகளுக்குக் காவலாகத் தோப்பிலேயே இருந்தேன்.

தேர் நகர்ந்து, வேட்டு போட்டு, கூட்டம் கலைந்து அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அண்ணி பசியில் கண் இருண்டு வந்து உட்கார்ந்தாள். நான் தூக்கை அவள் பக்கம் தள்ளினேன்.

"அடியிலதான் அண்ணி எண்ணெயும் பருப்பும் நிக்கும். வழிச்சித் தின்னுங்க."

அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தூக்கில் ஒன்றுமில்லை என்று ஒரு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள். நம்பாவிட்டாலும் என் முன்னால் எப்படி வேண்டாம் என்பாள்? வழித்தாள். விரலையும் நக்கினாள்.

பெண் வீட்டுக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் அண்ணி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மடங்கிப்போனாள். வாந்தி. பிறகு புதர்ப் பக்கம் ஓட்டம். வருவாள், படுப்பாள், மறுபடியும் எழுந்து ஓடுவாள். பக்கத்து வண்டிப் பெண் ஒருத்தி வெற்றிலையை மென்றபடி, "இன்னாக்கா, இந்த வருஷம் மகாராணி நீதானா?" என்று கேட்டாள். தோப்பே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு தேர்வேட்டைவிட இனிமையாக இருந்தது.

மாமியார் பதறினாள். "யாராச்சும் ஓமம் வச்சிகினு இக்கிறீங்களா?"

நான் எழுந்து முன்னால் போனேன். முந்தானை முடிச்சை வெளியே எடுத்துக் காட்டினேன். "எங்கிட்ட இக்குது அத்தை. ஓமம், சுக்கு, மாதுளந்தோல், எல்லாம் இக்குது."

"குடுடி சீக்கிரம்!"

நான் கொடுக்கவில்லை. முடிச்சைக் கைக்குள் மூடிக்கொண்டேன். பிறகு பேசினேன்.

"அண்ணி சொல்லட்டும். போன வருஷம் எனக்கு வந்தது வயித்துச் சீக்கா, தூக்குக் களிம்பா?"

"அடிப்பாவி, மனுஷி கெடக்கிற கெடையில கேக்குற கேள்வியா இது?" என்றாள் மாமியார்.

"நான் கெடந்தப்ப இவங்க கேட்டது இதவிடப் பெருசு அத்தை."

அண்ணி தலையைத் தூக்கி, "உன் கையால மருந்து குடிக்கிறதுக்கு நான் சாவறதே மேல்" என்றாள். சரி என்று நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். ஓமத்தையும் சுக்கையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டேன். வாசனை தோப்பு முழுக்கப் பரவியது. இறக்கி ஆற்றி, ஒரு லோட்டாவில் எடுத்துவந்து அவள் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவசரம் இல்லை. எனக்குப் பிறகு ஒருத்தி வரப்போகிறாளா இல்லையா என்பது அந்த லோட்டாவில் இருந்தது.

இன்னொரு முறை புதருக்குப் போய் வந்தாள். உட்கார முடியாமல் மண்ணில் சாய்ந்தாள்.

"களிம்புதான்" என்றாள்.

"அத்தைக்குக் கேக்கல."

"களிம்புதான்மா! அடி ஈயம் போயிருந்தது எனக்குத் தெரியும். பேரு கறுத்துடும்னு நான்தான் பூசக் குடுக்கல. இவ வயித்துல சீக்கு ஒண்ணும் இல்ல. குடுக்கச் சொல்லும்மா, குடல் அறுந்துபோவுது!"

லோட்டாவைக் கொடுத்தேன். பிறகு மோர் வாங்கி வரச் சொல்லி மாதுளந்தோல் பொடியைக் கலக்கிக் கொடுத்தேன். நாக்கில் நார்த்தங்காய் வைத்தேன். மருந்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. அவள் பிழைத்து, சொன்னதை நினைத்து நினைத்து வேக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மாமியார் தூக்கை எடுத்து அந்தி வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி நின்றிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வண்டிய நேரா ஊருக்கு வுடலாம்மா."

பெண் வீட்டுக்கு, உடம்புக்கு முடியவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். யாருக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னார்களோ, தெரியாது. அந்தப் பேச்சு அதோடு நின்றது. தாம்பாளத்தில் இருந்த பூவை மாமியார் கையில் எடுத்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். நானே தொடுத்த பூவை நானே வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில், ஏம்பலம் பனந்தோப்பில் அண்ணிக்காக வண்டி நின்றபோது, பின்னால் வந்த வண்டிகளுக்கு வழி விடச் சொல்லி நான் சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் வராது. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சிரித்தேன்.

அண்ணி அந்தத் தூக்கை அதற்குப் பிறகு தொடவில்லை. எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அடுத்த முறை ஈயம் பூசுகிறவர் வந்தபோது நான் எடுத்துக்கொண்டு போனேன். நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்து, அடி முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கப் பூசிக் கொடுத்தார். பேர் வெட்டின இடம் கொஞ்சம்கூடக் கறுக்கவில்லை.

இப்போது மாமியார் இல்லை. எனக்கு மகன்கள் வளர்ந்துவிட்டார்கள். அண்ணிக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் அறுவடைக்கு அறுவடை தாய்வீடு என்று வருகிறாள். வருகிற அன்று நான் புளிச்சோறு கிளறி, அந்தத் தூக்கில் போட்டு, அவள் இலைக்கு நேராக வைப்பேன். என் மகன்கள் அதிலிருந்து எடுத்து அள்ளி அள்ளிச் சாப்பிடுவார்கள். அண்ணி தூக்கைப் பார்ப்பாள், விளிம்பில் தன் பேரைப் பார்ப்பாள், பிறகு எனக்குப் பசியில்லை, கொஞ்சம் கஞ்சி போதும் என்பாள்.

புதிதாக ஈயம் பூசியிருக்கிறது என்று நான் அவளிடம் சொன்னதில்லை. கேட்டால் சொல்லுவேன். நானாகப் பேசிப் பழக்கமில்லை.