தொண்டை குறைந்தது

வேலூரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில், சிவப்பு மை என்றால் எனக்கு உயிர். வியாச நோட்டுகளை ஒரே மூச்சில் திருத்திவிடுவேன். ஜாஸ்தி, கம்மி, பேஜார் என்று கடைத்தெருப் பேச்சு எங்கே தலைகாட்டினாலும் ஒரு கோடு; பக்கத்தில் சுத்தத் தமிழ். மாணவிகள் அதைப் பார்த்து அழகாகப் பிரதி எடுத்துத் தருவார்கள். அடுத்த வாரம் அதே தப்புகள் திரும்பி வரும். மண்டையில் களிமண் என்று திட்டுவேன். என் மண்டையைப் பற்றி எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

வகுப்பில் மாதனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் ஆவாரம்பட்டை இடிப்பவர். முந்திய வருஷம் அவள் வியாசப் பரீட்சையில் தேறவில்லை. இந்தத் தடவையும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாத்தியாரம்மா ஆகும் ஆசை அதோடு சரி.

'என் தகப்பனார்' என்று ஒரு வியாசம் எழுதச் சொன்னேன். அவள் எழுதியிருந்தாள்: "பட்டைத் தூசியால் என் தகப்பனாருக்குத் தொண்டை குறைந்துவிட்டது."

சத்தமாகப் படித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. "தொண்டை எப்படியம்மா குறையும்? படியில் போட்டு அளந்தாயா?" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். "கம்மிப் போச்சுன்னுதான் முதல்ல எழுதினேன், டீச்சர். கம்மின்னு வந்தா குறைவுன்னு நீங்கதானே போடுவீங்க?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. கடைத்தெருக் 'கம்மி' உருதுவிலிருந்து வந்தது; தொண்டை கம்முவது பச்சைத் தமிழ். என் மைக்குப் பயந்து, கையில் இருந்த நல்ல சொல்லை அவளே வெட்டியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுவாரம் மைப்புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இனி வியாசத்தைப் பென்சிலில் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவளுக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்பவள் திருத்தக் கூடாது. புரியாத இடத்திலும் போதாத இடத்திலும் "இன்னா சொல்ல வர்றே?" என்று மட்டும் கேட்கலாம். வாயால் சொன்ன பதிலை வைத்துத் திரும்ப எழுத வேண்டும். பிழை பார்ப்பது கடைசியில்தான். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, சந்தை இரைச்சலாக இருக்கிறதே என்றார். முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

அந்தப் பெண் தன் வியாசத்தை மறுபடி படித்தாள்.

"கம்மிப் போச்சு, சரி. அதனால இன்னா சொல்ல வர்றே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அப்பாவுக்குக் குரலே வர்றதில்ல. என் பேரச் சொல்லிக் கூப்ட்டு ரெண்டு வருஷமாச்சு. கை தட்டித்தான் கூப்புடுவாரு."

"அதையே எழுதேன்டி."

எழுதினாள். வாங்கி இரண்டு தரம் படித்தேன். அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் குணத்துக்கு அது பெரிய தியாகம்.

பரீட்சை முடிவைப் பலகையில் ஒட்டிய அன்று காலை அதன் முன்னால் ஒரே நெரிசல். அவள் எண் இருந்தது. நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தேன். அப்போது கேட்டுக்கு வெளியே யாரோ கை தட்டினார்கள். அவள் சட்டென்று திரும்பி ஓடினாள். வேட்டியெல்லாம் பட்டைத் தூள் படிந்த ஒருவர் அங்கே நின்றிருந்தார். தேறியவர்களைப் பாராட்டுகிறார் என்று எண்ணி மற்றப் பெண்களும் தட்டத் தொடங்கினார்கள். அவர் மகளைக் கூப்பிட்டார் என்பது எனக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும்தான் தெரியும். நாங்களும் தட்டினோம்.