முன்னால் போட்டால் பின்னால் போன கார்

கார் ரிப்பேரில் ஒருவர் அடியில் படுக்க வேண்டும், இன்னொருவர் மேலே உட்கார்ந்து திட்டு வாங்க வேண்டும். போடியில் என் வீட்டுக்காரர் பட்டறையில் மேலே உட்காருகிறவள் நான். கணவரோடு தொழில் செய்யும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

மூணாவது பொட்டு

ஏலக்காய்த் தோட்ட முதலாளி ஒருவரின் பழைய அமெரிக்கக் கார் வந்தது. கிளச்சு கிடையாது. ஸ்டியரிங் அடியிலிருக்கும் கம்பியை நகர்த்தினால் கியர் தானே விழும். எந்தக் கியர் என்று ஒரு முள் காட்டும். இதில் முள் லோ கியரைக் காட்டும், பக்கத்திலிருக்கும் ரிவர்ஸ் விழுந்து வண்டி பின்னால் போகும்!

"எதுல நிக்குது?" என்று அடியிலிருந்து அவர் கத்தினார். ஆயுத பூசைக்கு முதலாளியின் மலையாளி டிரைவர் தங்கப்பன் கியர் எழுத்துகள் மறையும்படி அவற்றின்மேல் வரிசையாகக் குங்குமம் வைத்திருந்தார். "மூணாவது பொட்டுல" என்றேன்.

"கியரைக் கேட்டா பூசை விவரம் சொல்றியேடி!"

புதுச் செருப்பு

எண்ணெய் மாற்றியும் தீரவில்லை. கம்பி என் கையில் லொடலொடவென்று ஆடியது. "திருகைக் குச்சி லூசானா இப்படித்தான் ஆடும். துணி சுத்தி இறுக்குவோம்" என்றேன். என்னை முறைத்துவிட்டு அங்கே பார்த்தார். கம்பி சேரும் இடத்தில் புஷ் என்கிற வளையம் தேய்ந்து, அதன் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது.

மதராசிலிருந்து புதுசு வர நாளாகும். மகளுக்காகப் போடிமெட்டில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகத் தனக்கு வாங்கிய புதுச் செருப்பில் ஒன்றின் தோலை வட்டமாக வெட்டிச் செருகிவிட்டார் மனிதர்! கியர் சரியாக விழுந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். தங்கப்பன் என்னைத் தேற்றினார்:

"சேச்சி, இன்னொண்ணு பாக்கி உண்டல்லோ. அடுத்த காருக்கு ஆச்சு!"

கை நனைக்காமல்

மலை ஏற்றிச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் முதலாளி. அதே காரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவர் வெறுங்காலோடு. பெண் பார்க்க வந்தபோதே மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் குளிர், அட்டைப்பூச்சி, கொண்டைஊசி வளைவு என்று ஆயிரம் கவலை. சம்மதம் என்றால்தானே அங்கே கை நனைக்கலாம்? "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்" என்று சாப்பிடாமலே காரில் ஏறிவிட்டேன்.

இறக்கத்துக்கு லோ கியர் போட்டார் தங்கப்பன். ஏற்றத்தில் நசுங்கிய தோல் வேலையைக் காட்டியது. வண்டி பின்னாலேயே போய் வாசலில் நின்றது. நான் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடினேன். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. பையனின் அம்மா வந்து கார்க் கதவைத் திறந்தார்:

"வண்டிக்கே பசி தாங்கல சம்பந்தியம்மா. வெரசா எறங்குங்க, இலை போட்டாச்சு!"

இறங்கிக் கை நனைத்தேன். என் மகள் மலையேறி வாழப்போனது அப்பாவின் ஒற்றைச் செருப்பால்தான்.